‘நீ’ என்று கூப்பிடும் ஊரில் மாமனார்

1

சீனாவின் சியான் நகரில் என்ன பார்க்கலாம் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் அனுப்புவதற்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். பகலில் மண் வீரர்கள். சாயங்காலம் மதில். விளக்கு போட்டதும் மணிக் கோபுரமும் அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் முஸ்லிம் தெருவும். மறுநாள் காட்டுவாத்துக் கோபுரம், இருட்டியதும் அதன் தெற்கே நீளும் விளக்குத் தெரு. காலுக்கு நல்ல செருப்பு, கையில் பாஸ்போர்ட். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சுடுநீர் வரும், கோபப்படக் கூடாது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நிறையப் பேர் இந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் என் மாமனாரும் நாத்தனாரும் சேர்த்தி. அவர்களுக்காக எழுதிய குறிப்பு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி: பிறந்தது ஜெயங்கொண்டம், வாழ்க்கைப்பட்டது குன்னம். மெமரி சிப்புகளைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. இங்கே வந்து இந்தச் சித்திரையோடு ஐந்து வருடம் நிறைந்தது. வரும்போது கைக்குழந்தையாக இருந்த கயலுக்கு இப்போது ஐந்தரை வயது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பாலர் பள்ளிக்குப் போகிறாள். கயல் என்றால் மீன் என்று முதல் நாள் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அங்கே அவள் பெயர் ‘ஷியாவ் யூ’, குட்டி மீன்.

ஐந்து வருடம் ஆனதை ஒட்டி மாமாவும் அண்ணியும் ஊர் பார்க்க வருவதாகப் பேச்சு எழுந்தது. (நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.) ஊர் பார்ப்பது வெளியே சொல்வதற்கு. அண்ணி போனில் என் கணவரிடம் பேசியது சமையலறையில் நின்ற எனக்கும் கேட்டது.

“டேய் முத்து, ஒம் பொண்ணு வீடியோவுல எங்கிட்ட என்னா பேசுதுன்னே புரியல. சைனாக்காரப் புள்ளையாட்டம் இருக்கு. பெரம்பலூர்ல ஒண்ணாம் வகுப்புக்கு சீட்டு சொல்லி வச்சாச்சு. வந்து பாக்குறோம். சரிப்பட்டு வரலன்னா கையோட கூட்டிட்டு வந்துடறோம். நான் பாத்துக்க மாட்டனா?”

“வாங்கக்கா. பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்றார் அவர்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். இப்படி ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். திரையில் முகம் காட்டி, சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி எழுந்து ஓடிவிடுகிற பிள்ளைகள். அவர்களின் அம்மாக்கள் ஆபீஸ் கேன்டீனில் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே பேசுவார்கள்.

2

விமான நிலையத்தில் மாமா வெள்ளை வேட்டியில் வெளியே வந்ததுமே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கயல் தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினாள். நினைவு தெரிந்து வீடியோவில் மட்டுமே பார்த்த தாத்தாவின் முன்னால் நின்று, நேராக நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னாள்.

“தாத்தா! நீ வந்துட்டியா?”

மாமா தூக்குவதற்காக நீட்டிய கைகள் பாதியில் நின்றன.

“என்னாது?”

“நீ நல்லாருக்கியா?”

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. “ஏன் அரசி, வூட்டுல பெரியவங்கள நீ, வா, போன்னு பேசத்தான் பழக்கி வச்சிருக்கீங்களா?”

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். சீன மொழியில் ‘நீ’ என்றால் நீதான். ஒலியும் அதே, பொருளும் அதே. குரலைக் கொஞ்சம் இறக்கி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு ‘நீ’ எல்லோருக்கும் பொது. ஆசிரியருக்கு, டாக்டருக்கு, கடைக்காரருக்கு, சொந்தத் தாத்தாவுக்கு. ‘நின்’ என்று ஒரு மரியாதைச் சொல்லும் இருக்கிறது. அதை ஓட்டல் வரவேற்பறையில் கேட்கலாம். சியானில் வீடுகளில் அதிகம் கேட்டதில்லை. மூன்று வயதில் பாலர் பள்ளிக்குப் போன கயலுக்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல் கிடைத்திருக்கிறது. ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் ஏன் தப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. எத்தனையோ தடவை ‘நீங்க’ சொல்லு என்று திருத்தியிருக்கிறேன். ஒரு வேளை சொல்வாள், மறு வேளை மறந்துவிடுவாள்.

இதையெல்லாம் டாக்சியில் மாமாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மேம்பாலங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப வணக்கத்துக்கு என்னா சொல்லுவாங்க?”

“நீ ஹாவ். ‘நீ நல்லாரு’ங்கறாப்ல.”

“அதுலயும் நீயா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். குடியிருப்பு வாசலில் இறங்கியபோது, காவலுக்கு நின்ற வயதான மனிதரைப் பார்த்துக் கைகூப்பி, தெளிவாகச் சொன்னார்: “நீங்க ஹாவ்!”

காவலர் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் அதேபோலக் கூப்பி, “நிங்கஹாவ்!” என்றார். மாமாவுக்கு ஒரே திருப்தி. “சொல்லிக் குடுத்தா கத்துக்கிறாங்க பாத்தியா? யாரும் சொல்லித் தரலம்மா.”

அது காவலருக்கா, எனக்கா என்று கேட்கவில்லை.

3

சியானில் சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் காவல் நிலையம். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடு என்றால் வெளிநாட்டு விருந்தாளியை உடனே கூட்டிப்போய் நாம்தான் பதிய வேண்டும். சுற்றுலாக் கையேடுகளில் இதைச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். “ஐயா…”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தத் தம்பி மரியாதை தெரிஞ்சவரு.”

அது சலிப்பில் வருகிற சத்தம், நம் ‘ஐயோ’வுக்குப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. சில மொழிபெயர்ப்புகளைச் செய்யாமல் விடுவதுதான் விருந்தோம்பல்.

அதிகாரியின் சிக்கல் எங்கள் பெயர்கள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும், தலைமுறைக்கும் மாறாது. எங்கள் பாஸ்போர்ட்டிலோ அந்தக் கட்டத்தில் மாமாவுக்கு அவர் அப்பா பெயர், அண்ணிக்கு அவர் கணவர் பெயர், எனக்கும் கயலுக்கும் முத்துக்குமார். என் கணவர் அந்த நாட்கள் முழுக்க வேலையாக வெளியூரில் இருந்தார். அவர் பாஸ்போர்ட் நகலில் அந்தக் கட்டத்தில் இருந்தது மாமாவின் பெயர். இனிஷியல் என்ற ஒன்றை உலகத்துக்கு விளக்குவது எவ்வளவு கடினம் என்பது வெளிநாட்டு அலுவலகங்களில் நின்றவர்களுக்குத் தெரியும்.

“நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?” என்றார் அதிகாரி.

நான் இனிஷியலை விளக்க ஆரம்பித்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சுரம் தவறும். இரண்டுமே ‘தாங்’தான், சூப் கேட்டுச் சர்க்கரை வாங்கிய ஆள் நான். அதிகாரியின் புருவம் ஏறிக்கொண்டே போனது. அப்போது என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து கயல், பள்ளியில் பாட்டு ஒப்பிப்பதுபோல, ஒவ்வொருவராகக் கைகாட்டிச் சொன்னாள்: “இவர் என் யேயே. இவங்க என் கூகூ. இவங்க என் மாமா.”

சீனத்தில் ‘மாமா’ என்றால் அம்மா. அதனால் அவள் என்னைக் காட்டி மாமா என்றதும், உண்மையான மாமா திடுக்கிட்டார்.

“என்னா சொல்லுது இது?”

“யேயேன்னா அப்பாவோட அப்பா. அம்மாவோட அப்பாவுக்கு வேற பேரு. கூகூன்னா அப்பாகூடப் பொறந்தவங்க, அத்தை. நம்மளாட்டந்தான் மாமா, இவங்களுக்கும் ஒவ்வொருத்தருக்கும் தனிப்பேரு.”

“தாத்தாவுக்கே ரெண்டு பேரா? நமக்கே ஒண்ணுதான இருக்கு?”

அதிகாரிக்கு மூன்று சொல்லில் எல்லாம் தெளிவாகிவிட்டது. முத்திரை குத்தினார். கயலிடம் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். வெளியே வரும்போது அண்ணி மெதுவாகச் சொன்னார்: “கெட்டிக்காரிதான். அது நம்மூர்ல இருந்தா இன்னுங் கெட்டிக்காரியா வரும்.”

4

மண் வீரர்களுக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. முதல் கூடம்தான் பெரியது. அதைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். நான் முதலிலேயே பார்க்கச் சொல்வேன், கால் வலிக்கும் முன்னால். பழைய பேரரசர் ஒருவரின் சமாதிக்குக் காவலாகப் புதைத்த மண் மனிதர்கள், வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில், ஒருவர் முகம்போல இன்னொருவர் முகம் இல்லை.

மாமா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். “நம்மூரு அய்யனார் கோயிலு குதிர இதவிட ஒசரம்” என்றார். பிறகு, “ஆனா இவ்ளோ பேருக்கும் தனித்தனியா மூஞ்சி வச்சிருக்கான் பாரு” என்று விட்டுக்கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு முஸ்லிம் தெரு. இங்கே கறி என்றால் ஆடா மாடா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘யாங்ரோ’ என்றால் ஆட்டுக்கறி. நாங்கள் சாப்பிட்டது ‘பாவ்மோ’. தடித்த ரொட்டியையும் வெறும் கிண்ணத்தையும் முதலில் கொடுத்துவிடுவார்கள். ரொட்டியை நாமே கையால் பொடிப்பொடியாகப் பிய்த்துப் போட வேண்டும். பிறகு கிண்ணத்தை வாங்கிப்போய்க் கறிக் குழம்பு ஊற்றிக் கொண்டுவருவார்கள். எவ்வளவு பொடியாகப் பிய்க்கிறோமோ அவ்வளவு மதிப்பு. சுற்றுலா வந்தவர்கள் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டுவிட்டு அலுத்துக்கொள்வார்கள். அண்ணி, பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்தே வளர்ந்தவர், பேச்சு நிற்காமல் பிய்த்து முடித்துவிட்டார். பரிமாறுபவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

குழம்பு வந்தது. கயல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“தாத்தா, நீ சாப்பிடு. அத்தை, நீ சாப்பிடு. அம்மா, நீ சாப்பிடு.”

“சாப்புடுங்கன்னு சொல்லு” என்றார் அண்ணி.

“அத்தை, நீ சாப்பிடுங்க.”

மாமா கிண்ணத்தில் கண்ணை வைத்துக்கொண்டார். “அந்த ‘நீ’ போவ மாட்டேங்குதே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். சீட்டுக்கு உறுதி சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

5

சியானின் இரவு வாழ்க்கை என்று இணையத்தில் தேடினால் மது விடுதிகளின் தெரு ஒன்றைக் காட்டும். தெற்கு வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கும் பாட்டும் நன்றாக இருக்கும், வெளியே நின்று பார்க்கலாம். ஆனால் இந்த ஊரின் உண்மையான மாலைக் கொண்டாட்டம் அதற்கு எதிர்ப்புறம், அகழியை ஒட்டிய பூங்காவில் நடப்பது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வரிசையாக ஆடுவார்கள். கட்டணம் இல்லை, அழைப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் கடைசி வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.

அங்கே ஆடுபவர்களுக்குத் தலைவி, கயலின் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி. கயல் அவரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “நைநை ஹாவ்!” என்று கத்தினாள்.

“நைநையா?” என்றார் மாமா.

“அப்பாவோட அம்மாவுக்கு இங்க அதுதான் பேரு.”

மாமா சியானுக்கு வந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். “பொருத்தமாத்தான் வச்சிருக்கான்! ஊர்ல ஒன் மாமியாகிட்ட இத நான் போயிச் சொல்லணும்.”

தோழி எங்களைக் கடந்து கயலை நோக்கி ஓடினாள். அவ்வளவுதான், பாட்டியம்மா ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பேத்தியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மாமாவின் முன்னால் நிறுத்தினார். படபடவென்று திட்டு விழுந்தது. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, “யேயே ஹாவ்” என்று முனகினாள்.

“என்னாச்சு? எதுக்கு அந்தப் புள்ளயப் போட்டு அதட்டுது?”

“உங்களப் பேரு சொல்லிக் கூப்புடாமப் போயிடுச்சாம் மாமா.”

“எம் பேரா? எம் பேரு அதுக்கு எப்புடித் தெரியும்?”

“பேருன்னா முறப்பேரு. தெரியாதவங்கன்னாலும் வயசுல பெரியவங்களப் பாத்தா யேயே, நைநைன்னு மொதல்ல கூப்புட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். கூப்புடலன்னா மரியாத தெரியாத புள்ளன்னு ஆயிடும்.”

பாட்டியம்மா இப்போது கயலின் தலையைத் தடவிக்கொண்டே மாமாவிடம் ஒரு நீளமான வாக்கியம் சொன்னார். அதில் ‘ஜியாஜியாவ்’ என்ற சொல் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

“கயலுக்கு வீட்டு வளர்ப்பு நல்லாருக்குன்னு சொல்றாங்க.”

மாமா என்னை உற்றுப் பார்த்தார். “இத நீ சொல்றியா, அந்தம்மா சொல்லுதா?”

நியாயமான சந்தேகம். வழக்கில் சம்பந்தப்பட்டவளே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். என் போனை அவர் கையிலேயே கொடுத்தேன். பாட்டியம்மா அதில் மறுபடி சொன்னார். போன் ஒரு நொடி யோசித்து, செய்தி வாசிப்பவர் குரலில் தமிழில் சொன்னது: “உங்கள் வீட்டு டியூஷன் மிகவும் நன்றாக உள்ளது.”

“டியூஷன் வேறயா!” அண்ணி வெடித்தார். “அஞ்சு வயசுப் புள்ளைக்கி டியூஷன் வக்கிறியா அரசி?”

“அய்யோ, இல்லிங்கண்ணி. அதே வார்த்தைக்கி வளர்ப்புன்னும் அர்த்தம், டியூஷன்னும் அர்த்தம்.”

“அது எப்புடி ரெண்டும் ஒண்ணாவும்?”

இதற்குள் கயல் நடந்ததைப் பாட்டியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். பிறகு போனை மாமாவின் கையோடு சேர்த்துப் பிடித்து வாயருகே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, மாமாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். போன் பேசியது: “இந்தக் குழந்தைக்கு மரியாதை தெரியும். நீங்கள் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.”

மாமா போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அரசி, அந்தம்மா என்னயப் பாத்து நீன்னுதான சொல்லுச்சு? எங்காதுல நல்லா வுழுந்துச்சே.”

“ஆமாங்க மாமா.”

“போனு நீங்கள்னு சொல்லுது.”

“ஆமாங்க.”

“அப்ப அந்த நீக்கு நீங்கன்னுதான் அர்த்தமா?”

போனை அவர் கையிலேயே விட்டேன். சோதனைக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு: எதிர்பார்த்த முடிவு தானாக வரும்போது கருவியைத் தொடக் கூடாது.

பாட்டு மறுபடி தொடங்கியது. இரண்டு பெண்கள் அண்ணியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். “எனக்கு ஆடத் தெரியாதும்மா, வுடுங்க” என்று அண்ணி தமிழிலேயே கெஞ்சினார். அவர்கள் சீனத்திலேயே மறுத்தார்கள். முதல் பாட்டில் கைகாலைத் தப்புத் தப்பாக வீசினார். இரண்டாவது பாட்டில் தாளம் பிடிபட்டது. மூன்றாவதில், அவர்கள் கையை உயர்த்தும் இடத்தில் அண்ணி குனிந்து கும்மி தட்டினார். பக்கத்திலிருந்த பெண் அதைப் பார்த்துத் தட்டினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பாட்டு முடிவதற்குள் வரிசை வட்டமாகிவிட்டது. குன்னத்துக் கும்மி, நடுவில் சீன ஒலிபெருக்கி. பெரிய மேடைகளில் பார்த்த எந்த நடனத்தையும் நான் அவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன். கயல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “தாத்தா, நீ சாப்பிடு.”

அண்ணி வாயைத் திறந்தார். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இரு. சொல்லட்டும்.”

“அத்தை, நீ சாப்பிடு. அம்மா, நீ சாப்பிடு.” நாங்கள் மூவரும் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் அவள் கை தட்டுக்குப் போனது.

“வயசு வரிசயில சொல்லுது பாத்தியா” என்றார் மாமா. “நாம வாயில வக்கிற வரைக்கும் தொடல. ஒம் பேரன் இப்புடி இருக்கானா?”

அண்ணியின் மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அண்ணி தோசையைப் பிய்த்தார். “அவன் போனு குடுத்தாத்தான் வாயே தொறப்பான்” என்றார்.

6

விளக்குத் தெருவுக்கு வார நாளில் போங்கள். சனி ஞாயிறில் தரை தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தலைநகர்போலத் தெரு முழுக்க ஜோடித்து வைத்திருப்பார்கள். இளம் பெண்கள் பழைய காலத்து அகன்ற கைச் சட்டையும் கொண்டைப் பூவுமாக வாடகை உடையில் உலவுவார்கள். அண்ணிக்கும் ஒன்று போட்டுவிடலாம் என்று ஒரு கடைக்காரி துரத்தினாள். “போம்மா, நான் கட்டியிருக்கறதே பட்டு” என்றார் அண்ணி.

அது சரியாகப் போயிற்று. அந்த உடைக்காரப் பெண்களே அண்ணியின் அரக்குப் பட்டோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். அண்ணி ஒவ்வொருத்திக்கும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். கூட்டம் கலைந்ததும் ஒரு கல் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமாவும் கயலும் நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“அந்தப் பொண்ணுங்களப் பாத்தா எம் மவ ஞாபகம் வந்துட்டு. அவ இருந்த ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுட்டேன் அரசி. மஞ்சக் கலரு. கயலுக்குன்னு.” முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினார். “வூடு பூரா சத்தமே இல்லாம கெடக்கு. அவரு வயலுக்குப் போயிட்டா நான் டிவியோடதான் பேசறேன். ஒம் புள்ளய வளக்கத் தெரியலன்னு நான் நெனக்கல.”

அண்ணி என்னிடம் கேட்டதெல்லாம் பிள்ளையைப் பற்றிய கவலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சரி என்று சொல்லவில்லை. இரக்கத்தில் கொடுக்கக்கூடியதல்ல அவர் கேட்டது.

7

மதிலுக்குச் சாயங்காலம் ஏறுங்கள். ஊரைச் சுற்றி முழு வட்டமாக நிற்கும் மதில், மேலே ஒரு லாரி போகும் அகலம். உள்ளே பார்த்தால் சாம்பல் ஓட்டுக் கூரைகள், வெளியே பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்கள். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். நாங்கள் நடந்தோம். அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை அது.

கயல் முன்னால் ஓடி ஓடி, எதிரில் வந்த ஒவ்வொரு பெரியவரையும் கூப்பிட்டுக்கொண்டு போனாள். ‘யேயே ஹாவ், நைநை ஹாவ்.’ அவர்கள் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மாமாவையும் பார்த்துத் தலையசைத்தார்கள். மாமா திருவிழாவில் சாமிக்கு முன்னால் நடப்பவர்போல நடந்தார்.

ஒரு காவல் மாடத்துக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் திரும்பினார்.

“சீட்டுக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும். முத்து எப்பக் கேட்டாலும் ஒங்க இஷ்டம்ப்பாங்கறான். அக்காளும் தம்பியும் பேசிக்கிட்டாங்க. நீ என்னம்மா சொல்ற? இதுவரைக்கும் நீ ஒண்ணுமே சொல்லலியே.”

இந்தக் கேள்விக்காகப் பல நாள் ஆபீஸில் உட்கார்ந்து காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பள்ளியின் தரம், இரண்டு மொழியின் பலன், பிரிவு குழந்தையை என்ன செய்யும் என்பது. ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“அவ எம் புள்ள மாமா. எங்கூடத்தான் இருக்கணும்.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. முன்னால் போன கயலே திரும்பிப் பார்த்தாள்.

“இத அன்னிக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமுல்ல?”

“நீங்க யாரும் என்னயக் கேக்கலிங்க மாமா.”

மாமா அண்ணியைப் பார்த்தார். அண்ணி மதிலின் ஓரத்துக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பியபோது குரல் பழைய குரலாக இருந்தது.

“இங்க பள்ளிக்கூடம் எப்ப லீவு வுடுவாங்க?”

“ஜூலையும் ஆகஸ்டும், அண்ணி.”

“அந்த ரெண்டு மாசமும் எனக்கு. ஆபீஸு, அது இதுன்னு பாதியில கூட்டிட்டுப் போற வேல வச்சுக்கக் கூடாது.”

“சரிங்கண்ணி.”

“எழுதிக் குடுன்னு கேக்கல. சொன்னாப் போதும்.”

“கண்டிப்பா அனுப்புறேன் அண்ணி.”

மாமா போனை எடுத்தார். ஊரில் அப்போது வெயில் தாழும் நேரம். பள்ளியில் சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்த ஆசிரியரைக் கூப்பிட்டார். தூரம் அதிகமென்று நினைத்தாரோ என்னவோ, மதிலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி பேசினார். சைக்கிளில் போனவர்கள் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.

“வணக்கம் சார்… ஆமா சார், சைனாவுலதான். மதிலு மேல நிக்கிறன்… நல்லாருக்கு சார். புள்ள விசயமாத்தான் கூப்புட்டேன். அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்… இல்லிங்க, பீஸெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. இங்கயே படிக்கட்டும்… யாரு முடிவு பண்ணாங்களா?”

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு போனை இன்னும் நன்றாகக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“புள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க சார்.”